மழைப் படத்துக்கு ஒன்ஸ் மோர்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக் காட்சிக்கு வந்திருந்தவர்கள்: அப்பா, அம்மா, மாமா, மாமாவின் ரசிகர் மன்றத்தார் ஏறக்குறைய நாற்பது பேர், என் அலுவலகத்தில் என்னோடு படம் வரைகிறவர்கள், அடையாறு பக்கத்துக் கல்லூரிகளிலிருந்து ஜப்பானிய அனிமேஷன் பைத்தியங்கள் ஒரு கூட்டம், மயிலாப்பூரிலிருந்து கையில் பிளாஸ்க்கோடு வந்த ஒரு பெரியவர். வராதவன் ஒருவன். இந்தப் படத்தை எனக்கு முதன்முதலில் காட்டிய நண்பன். அவன் மஸ்கட்டில் வேலையில் இருந்தான். வர முடியாது என்று தெரிந்தும் தனக்கு ஒரு டிக்கெட் எடுத்துவைக்கச் சொன்னான். என் பக்கத்து இருக்கை அவனுடையது. அம்மா அதில் முறுக்குப் பையை உட்கார வைத்துவிட்டாள்.

நான் வந்திருந்தேனா என்றால், வந்திருந்தேன், காட்சிக்கு வெகு முன்பே. ஆனால் படம் தொடங்கியபோது உள்ளே இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

படத்தின் பெயரை எழுதப் போவதில்லை. பெயரைப் போட்டால் அதை நேசிக்கிற கூட்டம் ஒன்று, நான் சொல்வதில் இது தப்பு, அது தப்பு என்று சண்டைக்கு வந்துவிடும். நான் பிறப்பதற்கு முன்பே ஜப்பானில் எடுத்த படம். ஒவ்வொரு காட்சியும் கையால் வரைந்து, கையால் வண்ணம் தீட்டியது. அதுவரை பொம்மைப் படம் என்றால் குழந்தைகளுக்கு என்றிருந்ததை மாற்றிய சில படங்களில் அதுவும் ஒன்று. ஒரு பெரிய நகரம், அதன் ரயில் பாதைகள், சிக்னல் விளக்குகளைப் பழுது பார்க்கிற பதினாறு வயதுப் பெண் ஒருத்தி. அவ்வளவுதான் கதை. பாடல் இல்லை, காதல் இல்லை, வில்லன் இல்லை.

ஆனால் தொடக்கத்தில் ஏழு நிமிடம் இருக்கிறது. பேச்சு இல்லை, இசை இல்லை. மேகம் இறங்கிய நகரம், ரயில் நிலையம், காத்திருக்கிற ஜனங்கள். அசையாத ஓவியம் போலத்தான் இருக்கும். அந்த ஓவியத்துக்குள் எங்கேயோ ஒரு மூலையில் முதல் மழைத்துளி விழும். பிறகு இன்னொன்று. பிறகு நாலைந்து. பிறகு திரை முழுக்க மழை. அந்த முதல் துளி எங்கே விழுகிறது என்பதில் உலகம் முழுக்க ரசிகர்களுக்குள் ஓயாத தகராறு. விளக்கின் கண்ணாடி மேல் என்கிறார்கள் சிலர். பூனையின் முதுகில் என்கிறார்கள் சிலர். இணையத்தில் கிடைக்கிற பிரதிகளில் அந்த இடம் கலங்கலாகத்தான் இருக்கும். அதை வரைந்தவர்கள் பெரிய திரையை மனதில் வைத்து வரைந்திருக்கிறார்கள்.

நான் அதை முதலில் பார்த்தது உள்ளங்கை அளவு திரையில். மேற்கு மாம்பலத்தில் நண்பனின் அத்தா தையல் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் துணி வெட்டுகிற மேசைக்கடியில் நானும் அவனும் உட்கார்ந்து அவன் அண்ணனின் பழைய போனில் பார்த்தோம். கண்ணாடி ஒரு மூலையில் விரிசல் விட்டிருந்தது. ஒரே இயர்போன். இடது பக்கம் அவன் காதில், வலது பக்கம் என் காதில். மழை பெய்ய ஆரம்பித்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி மேசையின் அடிப்பலகையைப் பார்த்தோம்.

எங்கள் வீடு சைதாப்பேட்டையில் ஆற்றுக்குப் பக்கம். எங்களுக்கு மழை என்றால் அரிசி மூட்டையைப் பரண் மேல் ஏற்றுவது, மீட்டர் பெட்டிக்குத் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது. மழையை உட்கார்ந்து பார்க்கலாம், பார்த்துப் பார்த்து வரையலாம், அதற்கு ஆட்கள் வருடக்கணக்காக உழைக்கலாம் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

படத்தில் அவர்கள் பேசுவது ஜப்பானிய மொழி, கீழே ஓடுவது ஆங்கில வரி. நான் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆளும் நான்தான், ஆகவே வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் படத்தை நிறுத்தி, அகராதியில் தேடி, மறுபடி ஓடவிடுவேன். இரண்டு மணி நேரப் படத்தைப் பார்த்து முடிக்க எனக்கு ஒரு கோடை விடுமுறை ஆனது. என் ஆங்கிலம் அங்கே படித்ததுதான். கல்லூரியில் சேர நடந்த நேர்காணலில், உன்னைப் பற்றிச் சொல் என்று கேட்டதும், ரயில் வருகிறது, தயவுசெய்து கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள் என்கிற மாதிரியான மரியாதையில் நான் பேசியதைக் கேட்டு கேள்வி கேட்ட அம்மையார் சிரித்துவிட்டார். இடம் கிடைத்தது.

இப்போது ஆழ்வார்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் குழந்தைப் பாட்டுகளுக்குக் கணினியில் படம் வரைகிறேன். நடனமாடும் யானை, பல் தேய்க்கும் முதலை. அப்பா சைதாப்பேட்டை மார்க்கெட்டில் காய்கறி ஏற்றும் சின்ன வேன் ஓட்டுகிறார். யாராவது பையன் என்ன செய்கிறான் என்று கேட்டால், கம்ப்யூட்டர் என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்வார். வீட்டுக்குள் மட்டும் அதன் பெயர் பொம்மை ஆபீஸ்.

அந்தப் படத்தைப் புதுப்பித்து மறுபடி திரையரங்குகளுக்குக் கொடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. சென்னை பெயர் பட்டியலில் இல்லை. தியாகராய நகர் பக்கம் ஒரு பழைய திரையரங்கம், ஒரே கூடத்தை மூன்றாக வெட்டியது. அதன் மேலாளரைப் போய்ப் பார்த்தேன். கடைசிக் கூடத்தில் ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஒரே ஒரு காட்சி தரலாம், வெள்ளிக்கிழமைக்குள் நூறு டிக்கெட் விற்றால் உண்டு, ஒன்று குறைந்தாலும் இல்லை என்று சொல்லி, என்னிடம் முன்பணமும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். எனக்கு வேண்டியது என்ன என்று அன்று யாராவது கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பேன். அந்த முதல் துளி. அதை ஒரே ஒரு முறை பெரிய திரையில் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

வியாழக்கிழமை வரை பாதிதான் விற்றிருந்தது. கல்லூரிப் பிள்ளைகள் வாட்ஸப்பில் நெருப்புப் படமெல்லாம் போட்டார்கள். டிக்கெட் போடச் சொன்னால் காலை எட்டு மணியா ப்ரோ என்றார்கள். நான் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அம்மா தன் தம்பிக்கு போன் போட்டாள்.

மாமா, எங்கள் பகுதி ரசிகர் மன்றத்தின் செயலாளர். எந்த நடிகருக்கு என்பது இங்கே வேண்டாம். முதல் நாள் முதல் காட்சி என்பது அவர்களுக்குத் திருவிழா. கட்-அவுட், மேளம், பூசணிக்காய், கற்பூரம், நாயகன் திரையில் வரும்போது தூவுவதற்கு மூட்டை மூட்டையாகக் கிழித்த காகிதம். அந்த வருடம் அவர்கள் நடிகருக்குப் படம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. கிழித்த காகிதம் மூட்டையோடு மாமா வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடந்தது. கை அரிக்கிறது என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

வியாழன் சாயங்காலம் மார்க்கெட் டீக்கடையில் மன்றத்தார் முன்னால் என்னை நிறுத்தி, கதை சொல்லச் சொன்னார். சொன்னேன். வில்லன் இல்லை என்றதும் ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். சண்டை உண்டா என்றார்கள். ஒரே ஒரு இடத்தில் அந்தப் பெண் ஓடுவாள் என்றேன். யாரைத் துரத்துகிறாள் என்றார்கள். ரயிலை என்றேன். அது கொஞ்சம் எடுபட்டது.

"சரி மாப்ள, என்ட்ரி எப்புடி?" என்று மாமா கேட்டார். "ஆளு வந்தா எங்களுக்குத் தெரியணும்ல. பேப்பர் போடணும்."

"மஞ்ச ரெயின்கோட்டு போட்டுக்குனு வருவா மாமா."

"மஞ்ச ரெயின்கோட்டு. நோட் பண்ணிக்கங்கப்பா."

அதோடு விட்டிருக்கலாம். நான் முதல் துளியைப் பற்றியும் சொன்னேன். எங்கே விழுகிறது என்று உலகத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது, அதைப் பார்க்கத்தான் இந்தப் பாடு என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாற்பது டிக்கெட்டுக்கு அங்கேயே பெயர் எழுதினார்கள். மீதியை வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் என் அலுவலகத்தில் கெஞ்சியும் மிரட்டியும் தள்ளினேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து எடுத்தபோது, ஞாயிற்றுக்கிழமை காலையில் மார்க்கெட் லோடு இருக்கிறதே என்றார் அப்பா. அம்மா, ஒரு நாள் முருங்கைக்காய் நடந்து போகட்டும் என்றாள்.

ஞாயிறு காலை நான் திரையரங்கு வாசலுக்குப் போனபோது மேளம் ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்தது. என் அலுவலக நண்பர்கள் அந்தப் பெண்ணை ஆள் உயரத்துக்கு மேல் வரைந்து தெர்மாகோலில் வெட்டி, போர்டிகோவுக்குள் நிற்க வைத்திருந்தார்கள். மாமா அதற்குச் சம்பங்கி மாலை போட்டிருந்தார். ஒருவர் பால் பாக்கெட்டுகளோடு ஏணியில் ஏறப் போனார். அம்மா அதைப் பிடுங்கி எதிர்ச்சாரி டீக்கடைக்காரரிடம் கொடுத்து, வந்தவர்களுக்கெல்லாம் டீ போடச் சொல்லிவிட்டாள். கல்லூரிப் பிள்ளைகள் முதலில் தள்ளி நின்று வீடியோ எடுத்தார்கள். பிறகு வீடியோவுக்குள் ஆடினார்கள். மயிலாப்பூர் பெரியவர் மட்டும் பிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு, இது அந்த ஜப்பான் படம் நடக்கற தியேட்டர்தானே என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார்.

நடக்கக் கூடாதது அப்போது நடந்தது. மன்றத்து வழக்கப்படி, படப்பெட்டிக்குத் திருஷ்டி கழித்து பூசணிக்காய் உடைக்க வேண்டும். இப்போது படப்பெட்டி என்று ஒன்று கிடையாது, எல்லாம் கணினியில் வருகிறது என்பதால், கட்-அவுட்டைச் சுற்றி உடைத்தார்கள். தெருவில் உடைப்பதற்குப் பதில் வாசல் படியில். காய்க்குள் கரைத்து ஊற்றியிருந்த குங்குமம், அந்த மாதம்தான் பதித்த வெள்ளைக் கல் படியில் மேலிருந்து கீழ்வரை ஓடியது.

மேலாளர் வெளியே வந்தார். மேளம் நின்றது. அவர் சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. காட்சிக்கு முன்பணம் கட்டியவர் யார் என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இந்தப் படி பழையபடி ஆகாமல் நீங்கள் உள்ளே போகக் கூடாது, மற்றவர்கள் போகலாம், படத்தை எட்டு மணிக்குப் போட்டுவிடுவேன், அடுத்த காட்சி இருக்கிறது என்றார். மாமா நான் இருக்கிறேன் என்று முன்னே வந்தார். கையெழுத்துப் போட்டவர்தான் வேண்டும் என்று மேலாளர் நின்றுவிட்டார். நான், அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன் மாமா, நீங்க போங்க, யாராச்சும் உள்ள இருந்து பார்த்துக்கணும் என்று அனுப்பிவைத்தேன். அம்மா துடைப்பத்தைத் தேடினாள். அவளையும் தள்ளி உள்ளே அனுப்பினேன்.

கல்லில் இறங்கிய குங்குமம் ஐந்து நிமிடத்தில் போகாது. திரையரங்கில் துப்புரவு வேலை செய்கிற அக்கா ஒரு வாளி, சோப்புத்தூள், தேங்காய் நார் கொடுத்தார். தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு ரோஸாக மாறியது, ரோஸ் வெள்ளையாக மாறவில்லை. அந்தக் கடைசிக் கூடத்தின் அவசர வழிக் கதவு படிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. எட்டு மணிக்கு விளம்பரம் கேட்டது. பிறகு நிசப்தம்.

அந்த நிசப்தம் எனக்குத் தெரியும். அதுதான் தொடக்கம். கையில் நாரோடு மண்டியிட்டபடி நான் படத்தைப் பார்த்தேன், கதவுக்கு இந்தப் பக்கமிருந்து. இப்போது மேகம். இப்போது ரயில் நிலையத்தின் கூரை. இப்போது பூனை கொட்டாவி விடும். இதோ விழப் போகிறது. விழுந்திருக்கும். மழைச் சத்தம் மெல்ல ஏறியது. இதுவரை ஒரு காதில் கேட்ட மழை, கதவையே அதிர வைத்தது. நான் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன்.

திடீரென்று உள்ளே விசில். கைத்தட்டல். 'தலைவி!' என்று ஒரு கூச்சல். எனக்குப் புரியவில்லை. அந்தப் பெண் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. பிறகு புரிந்தது. மழை வந்ததும் நடைமேடை ஓரத்தில் குடை விற்கிற ஒரு கிழவர் மஞ்சள் மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொள்வார். நான் இதை மறந்தே போயிருந்தேன். மூட்டைக் காகிதம் அத்தனையும் குடைக்காரர் தலையில் போய்விட்டது.

துப்புரவு அக்கா படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போதும், மிச்சத்தை வெயில் பார்த்துக்கும், நீ போ தம்பி என்றார். ஓடினேன். ஈரக் காலோடு உள்ளே நுழைந்தபோது திரையில் தலைப்பு போய்விட்டது, அந்தப் பெண் ஏணியில் ஏறி விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் வந்தபோது மன்றத்தார் காகிதம் மிச்சமில்லாமல் கைகளைப் பிசைந்துகொண்டு எழுந்து நின்றார்களாம். அம்மா காதோடு சொன்னாள்.

இருக்கையில் உட்கார்ந்தேன். திரை பெரிதாக இருந்தது. நிறங்கள் நான் நினைத்ததைவிட ஆழமாக இருந்தன. நான் வெறித்துப் பார்த்தேன், ஆனால் பார்க்கவில்லை. இருபத்தாறு வயது ஆண்பிள்ளை, பொம்மைப் படத்தில் ஏழு நிமிடம் தவறிப்போனதற்கு அழக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னொரு பக்கம் அப்பா. இருட்டில் அவர் திரையைப் பார்க்கிறாரா தூங்குகிறாரா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் குனிந்தார்.

"அந்த சொட்டு பாத்தியா?"

"இல்லப்பா. நான் வர்றதுக்குள்ள போயிடுச்சு."

 அப்பா முன் வரிசைப் பக்கம் சாய்ந்து மாமாவின் தோளைத் தட்டினார். இரண்டு பேரும் தலையைச் சேர்த்து என்னவோ பேசினார்கள். மாமா எழுந்து நின்றார். திரையின் வெளிச்சத்தில் அவர் நிழல் ஜப்பான் மேல் விழுந்தது. புரொஜெக்டர் அறை ஜன்னலைப் பார்த்துத் திரும்பி, வாயருகே இரண்டு கைகளையும் குவித்தார்.

"ஒன்ஸ் மோர்!"

நான் இருக்கைக்குள் இறங்கினேன். மன்றத்தார் என்ன ஏது என்று கேட்கவில்லை. அது அவர்களுக்குத் தாய்மொழி மாதிரி. நாற்பது தொண்டையும் ஒன்றாகக் கேட்டது. கல்லூரிப் பிள்ளைகள், இதுவும் சடங்கில் ஒன்று என்று நினைத்துச் சேர்ந்துகொண்டார்கள். படம் நின்றது. விளக்கு எரிந்தது. மேலாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். தரையெல்லாம் காகிதம்.

பாட்டுக்கு ஒன்ஸ் மோர் கேட்பார்கள், சண்டைக்குக் கேட்பார்கள், இந்தப் படத்தில் எதற்கு என்று அவர் கேட்டார். மாமா தெளிவாகச் சொன்னார்.

"மழைக்கு சார். எங்க மாப்ள வெளிய உங்க படிய தேச்சிக்குனு இருந்தான். இத்தினி ஜனமும் அவனாலதான் இங்க குந்திக்கினு கீது. அவன் பாக்காத படத்த நாங்க இன்னாத்துக்கு பாக்குறது?"

மேலாளர் கடிகாரத்தைக் காட்டினார். பத்தரைக்கு அடுத்த காட்சி, புதுத் தமிழ்ப் படம். முதலிலிருந்து போட்டால் அது தள்ளிப்போகும், காகிதத்தைப் பெருக்கவும் நேரம் வேண்டும், இரண்டுக்கும் நஷ்ட ஈடு கட்ட முடியுமா என்றார். நான் எழுந்து, வேண்டாம் சார், விட்ட இடத்திலிருந்தே போடுங்கள், எனக்குப் பரவாயில்லை என்றேன்.

அப்போது மயிலாப்பூர் பெரியவர் பின் வரிசையிலிருந்து கையைத் தூக்கினார். இவர் புகார் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"நானும் ஆரம்பத்தைச் சரியாப் பாக்கலை. மூஞ்சி பூரா காகிதமா விழுந்துண்டிருந்தது. அந்தத் துளிக்காகத்தான் ஆத்துல யார்கிட்டயும் சொல்லாமக் கிளம்பி வந்தேன். என் பங்கை நான் தரேன். முதல்லேர்ந்து போடச் சொல்லுங்கோ."

மாமா அவரைப் பார்த்த பார்வையில், அப்போதே மன்றத்தில் உறுப்பினர் அட்டை போட்டுவிடுவார் போலிருந்தது. பெரியவரிடம், துளி எங்கே விழுகிறது என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். விளக்குக் கண்ணாடிதான், சந்தேகமே வேண்டாம் என்றார். அடையாறு பெண்கள் இரண்டு பேர் பூனை, பூனை என்று கத்தினார்கள். அதுவரை சும்மா இருந்த மன்றத்தாருக்கும் இதில் கட்சி உண்டாகிவிட்டது. ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தார்கள். மேலாளர் கொஞ்ச நேரம் இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். ஒரு நிபந்தனை என்றார். இந்தத் தடவை ஒரு சத்தம் வரக்கூடாது.

விளக்கு அணைந்தது.

மன்றத்துக் கூட்டம் ஒன்று திரையரங்கில் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மேகம் இறங்கியது. கூரை வந்தது. நாற்பது பேரும் முன்னால் சாய்ந்து, தொலைத்த மோதிரத்தைத் தேடுகிற மாதிரி திரையைத் துழாவினார்கள். பூனை கொட்டாவி விட்டது. அதன் முதுகு காய்ந்தே இருந்தது. விளக்கின் கண்ணாடியில் ஒன்றும் இல்லை. நான் எல்லா இடத்தையும் பார்த்தேன், எதையும் உற்றுப் பார்க்காமல்.

விழுந்தது. திரையின் இடது ஓரத்தில், தாழ்வாக. பெஞ்சில் உட்கார்ந்து தூங்குகிற ஒரு கூலியாளின் சட்டைத் தோளில். ஒரு பொட்டு அளவு துணி கருத்தது. அவன் விழிக்கவில்லை. தூக்கத்திலேயே அந்தத் தோளை ஒரு முறை உயர்த்தி இறக்கினான், ஈ உட்கார்ந்தால் செய்வதுபோல. அதை யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். யோசித்து, தாள் தாளாக வரைந்திருக்கிறார். நான் பார்த்த சின்னத் திரைகளில் அந்த ஆளே ஒரு பழுப்புக் கறையாகத்தான் இருந்தான்.

அப்பாவின் கை என் முழங்காலைப் பிடித்தது. அவரும் பார்த்திருந்தார். சத்தம் வரக்கூடாது என்பதால் இறுக்கிப் பிடித்தார். வலித்தது. மழை திரை முழுக்க இறங்கியது, இரண்டு காதிலும் கேட்டது. குடைக்காரக் கிழவர் மஞ்சள் கோட்டை மாட்டியபோது யாரும் எழவில்லை. அந்தப் பெண் வந்தபோது மாமா மட்டும் உட்கார்ந்தபடியே கையைத் தூக்கி ஒரு கும்பிடு போட்டார்.

அதற்குப் பிறகு ஒன்றே முக்கால் மணி நேரம் நான் படம் பார்த்தேன். மன்றத்தாரில் பலருக்கு ஆங்கில வரி ஓடுகிற வேகத்துக்குப் படிக்க வராது. டீக்கடையில் சொன்ன கதையை வைத்துக்கொண்டே தொடர்ந்தார்கள். அவள் ரயிலுக்குப் பின்னால் ஓடிய இடத்தில் என் முன்னால் இருந்தவர் தன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார், தானும் ஓடப்போவது போல. அம்மா நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு அம்மா இல்லையா என்று. இருக்கிறாள், வேறு ஊரில் என்றேன். அப்போ சரி என்று முறுக்கை எடுத்து வாயில் போட்டு, கடிக்காமல் ஊற வைத்தாள்.

வெளியே வந்ததும் பூனைக் கட்சியும் விளக்குக் கட்சியும் சேர்ந்து தோற்றதால் யாருக்கும் வருத்தமில்லை. மயிலாப்பூர் பெரியவர் தோளா, தோளா என்று தனக்குள் சொல்லிக்கொண்டே பிளாஸ்க்கிலிருந்து மாமாவுக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார். மார்க்கெட்காரர் ஒருவர் அப்பாவிடம், பையன் இந்த மாதிரிதான் வரையிறானா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பதில் சொல்லிவிட்டார்.

"இப்ப யானை போட்டுக்கினு கீறான். மழைக்கு இன்னும் நாளாவும்."

நான் ஒருபோதும் அவரிடம் மழை வரைய ஆசை என்று சொன்னதில்லை.

மேலாளரின் அறையில் கணக்குப் பார்த்தார்கள். அடுத்த காட்சி அரைமணி தாமதம், அதற்கு ஒரு தொகை. காகிதம் பெருக்க ஒரு தொகை. படிக்கு வேண்டாம், அதை இந்தப் பையனே தேய்த்துவிட்டான் என்று அவரே கழித்துக்கொண்டார். பெரியவர் தன் பங்கைக் கொடுத்தார், கல்லூரிப் பிள்ளைகள் போனிலேயே அனுப்பினார்கள், மன்றத்தார் மேளக்காரருக்கு வைத்திருந்ததை முதலில் எடுத்துக் கொடுத்துவிட்டு, பிறகு மேளக்காரருக்காகத் தனியாக வசூலித்தார்கள். மிச்சத்தை அப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்தார். நான் தடுத்தபோது கையைத் தட்டிவிட்டார். ரசீது கேட்டோம். 'மறு காட்சி, மழை' என்று எழுதிக் கொடுத்தார் மேலாளர். ஆறாயிரத்து நானூறு ரூபாய்.